சபைப் பள்ளி வேலைக்குப் பணம் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஊழலை ஒழிப்பதில் திருச்சபைகளுக்கு என்ன பங்கு என்று இப்போதெல்லாம் வாலிபர் முகாமில் பேசுகிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் வருகிறது. பேசட்டும், நல்லதுதான். ஆனால் பேசுகிற எல்லாரும் தாலுகா அலுவலகத்தைப் பார்த்தே விரலை நீட்டுகிறார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதிலேயே வளர்ந்து, என் பிள்ளைகளையும் அதிலேயே வளர்த்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: சபைகள் நடத்தும் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்குப் பணம் வாங்கும் பழக்கம் நிற்கும்வரை, ஊழலைப் பற்றி நாம் பேசுகிற எதுவும் ஊரில் எடுபடாது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், மாதாமாதம் சம்பளம் போடுவது அரசு. நிர்வாகத்துக்குச் செலவு இல்லை, ஆனால் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தக்கூடிய நிரந்தர வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணுகிற அதிகாரம் முழுக்க அதன் கையில். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நிறுவி நிர்வகிக்கலாம் என்று அரசியலமைப்பின் 30-வது பிரிவு கொடுத்த உரிமை இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த உரிமையைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியிருக்கிறோம். அப்படிக் காப்பாற்றிய உரிமையை வைத்துக்கொண்டு வேலைக்கு விலை பேசினால் அதை என்னவென்று சொல்வது?

எல்லாப் பள்ளியிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒரு பைசா வாங்காமல், தகுதியை மட்டும் பார்த்து வேலை கொடுத்த தாளாளர்களை எனக்கே தெரியும். ஆனால் என் மகளுக்கு நடந்ததும் எனக்குத் தெரியும். பி.எட். முடித்தவள், அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இடம் காலி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். எந்தச் சபை, எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. நேர்காணலில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள், நன்றாக நடத்தினாய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்த வாரமே நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார், எங்கள் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் பண்ணினார், ஆமென் சொல்லி உட்கார்ந்ததும், கட்டட நிதிக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன தொகை லட்சக்கணக்கில். ரசீது கிடைக்குமா என்று என் கணவர் கேட்டதற்கு, "ஆண்டவருக்குக் கொடுக்கிறதுக்கு ரசீது கேட்பீங்களா அண்ணே" என்றார். நாங்கள் கொடுக்கவில்லை, வேலையும் வரவில்லை. வேலை போனது கூடப் பரவாயில்லை. அந்த ஜெபத்தைத்தான் என் மகளால் மறக்க முடியவில்லை. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணலாமா என்று கேட்டால் அவள் உள் அறைக்குப் போய்விடுகிறாள்.

இதைச் சபையில் சொன்னால், நன்கொடைதானே, லஞ்சம் இல்லையே என்கிறார்கள். 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகியும் ஊழியரும் அந்தச் சட்டத்தின்படி பொது ஊழியர்கள்தான். கிராம நிர்வாக அலுவலர் சான்றிதழுக்குப் பணம் கேட்பதும், உதவி பெறும் பள்ளியின் நிர்வாகி வேலைக்குப் பணம் கேட்பதும் ஒரே குற்றம். சட்டத்தை விடுங்கள், வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். நிலத்தை விற்றோ, வட்டிக்கு வாங்கியோ பணம் கட்டிவிட்டு ஒருவர் ஆசிரியராக உள்ளே வருகிறார். களவு செய்யாதே என்ற கட்டளையை வேதபாட வகுப்பில் அவர் எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பார்? பணம் கொடுக்க முடியாத தேயிலைத் தொழிலாளியின் மகள் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, தேயிலைத்தூள் பொட்டலம், வீட்டில் செய்த கேக் எல்லாம் பலிபீடத்தைச் சுற்றி அடுக்கி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒருவர் ஒரு கட்டுக் கீரையை நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார், எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை அது. அதே ஏலத்தில், எந்த வேலைக்கு எவ்வளவு வாங்குவார் என்று ஊருக்கே தெரிந்த ஒரு அதிகாரி ஒரே ஒரு முட்டைக்கோஸை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார். கைதட்டல் அடங்குவதில்லை. முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தி, இவர் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும் என்று ஜெபிக்கிறார்கள். அந்தப் பணத்தை யார் யாரிடம் வாங்கினாரோ, அவர்களில் பாதிப் பேர் அதே ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது நினைத்துப் பார்த்தோமா?

மலையில் இருக்கிறவர்கள் அரசு அலுவலகத்தை நம்பித்தான் வாழ வேண்டியிருக்கிறது. சமவெளியில் வீடு கட்டுவது போல இங்கே கட்ட முடியாது, மலைப் பகுதிக்கென்று தனி விதிகள், தனி அனுமதிகள். மலையைக் காப்பாற்ற அவை வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அனுமதி கூடினால் மேசை கூடுகிறது, மேசைக்கு மேசை கையும் நீள்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் ஜென்ம நிலப் பிரச்சினை, அதாவது ஒரு காலத்தில் ஜென்மி என்ற நிலப்பிரபுக்களிடம் இருந்த நிலம். 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17-வது பிரிவில் வருகிற, உரிமை முடிவாகாத நிலத்தில் தலைமுறையாக இருக்கிறவர்கள் பட்டா இல்லாமல் தவிக்கிறார்கள். 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அலைகிறார்கள். காகிதம் இல்லாதவனிடம்தான் லஞ்சம் கேட்பது சுலபம். நம் சபைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

இவர்களுக்காகச் சபை ஏன் வாய் திறப்பதில்லை? எனக்குத் தெரிந்து காரணம் பயம் மட்டுமில்லை. சபைக்கே அந்த மேசைகளில் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும், புதிய ஆலயத்துக்கு அனுமதி வேண்டும், கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வேண்டும், நில அளவை நடக்க வேண்டும். அதற்குக் கொடுத்ததெல்லாம் வருஷக் கணக்கில் 'இதர செலவு' என்ற ஒரே வரியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. யாரும் எழுந்து கேட்பதில்லை, கேட்டால் சமாதானத்தைக் கெடுக்கிறவர் என்று பெயர். 2018-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஏழு வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேறு வழியில்லாமல் கட்டாயத்துக்குக் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ காவல் துறையிடமோ சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இதை எத்தனை கமிட்டி உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

கென்யாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் அந்த நாட்டு அதிபர் வில்லியம் ரூட்டோ நைரோபியில் சொவேட்டோ என்ற பகுதியிலுள்ள கத்தோலிக்க ஆலயத்துக்கு வழிபாட்டுக்குப் போனார். பாடகர் குழுவுக்கு, குருவானவர் வீடு கட்டுவதற்கு என்று பணம் கொடுத்து, இன்னும் தருகிறேன் என்றும் சொன்னார், எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஷில்லிங்குக்கு மேல். ஒரு ஏழைப் பங்குக்கு அது பெரிய பணம். மறுநாளே பேராயர் பிலிப் அன்யோலோ, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவித்துவிட்டார். சில நாட்களுக்கு முன்புதான் கென்யா ஆயர்கள் அரசின் ஊழலையும் பொய் வாக்குறுதிகளையும் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்கள். கண்டித்த கையோடு பணத்தையும் வாங்கி வைத்திருந்தால் அந்தக் கண்டனத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? நம் ஊரில் தேர்தல் நேரத்தில் ஆலயத்துக்கு மைக் செட்டும், சுற்றுச்சுவருக்கு சிமெண்ட் மூட்டையும் தருகிற வேட்பாளரிடம் எந்தக் கமிட்டியாவது வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் எனக்கு எழுதட்டும், மனதார வாழ்த்துவேன்.

நம்மைப் பிடிக்காதவர்கள் இதை எடுத்துப் பேசுவார்கள், வீட்டு விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிறுபான்மையினர் என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் இது வெளியே போய் ரொம்ப நாளாகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று வெவ்வேறு சபைகள் தங்கள் வேற்றுமையை விட்டுக்கொடுத்து ஒன்றாகச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை, உலகமே திரும்பிப் பார்த்த திருச்சபை. அதன் தலைமை மன்றமான சினாடு நிர்வாகத்துக்கு 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இரண்டு பேரை நியமிக்க வேண்டிய நிலை வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. விசுவாசிகள் தங்கள் வழக்கைத் தீர்க்க வெளியே போகிறார்களே, உங்களுக்குள் ஒரு விவேகி கூட இல்லையா என்று கொரிந்து சபையைப் பார்த்து பவுல் கேட்டது நம்மைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது.

அதே பவுல், எருசலேமில் கஷ்டப்பட்டவர்களுக்காகப் பல சபைகளில் காணிக்கை சேர்த்தபோது, பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் எங்கள்மேல் குறை சொல்லக்கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த நம்பகமான ஆட்களைக் கூடவே வைத்துக்கொண்டார். அப்போஸ்தலனே கணக்குக்குச் சாட்சி வைத்தார். சாமுவேல் தீர்க்கதரிசியும் வயதான காலத்தில் ஜனங்களுக்கு முன்னால் நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யார் கையிலே பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். நம் தாளாளர்களும் திருமண்டல அதிகாரிகளும் பதவி முடிகிற அன்றைக்கு இந்தக் கேள்வியைச் சபைக்கு முன்னால் கேட்கட்டுமே.

செய்யக்கூடியது ஒன்றும் கஷ்டமில்லை. காலியிடம் வந்தால் பத்திரிகையில் விளம்பரம் போடுங்கள். தேர்வுக் குழுவில் வேறு மாவட்டத்திலிருந்து, நம் சபையைச் சேராத கல்வியாளர் ஒருவரை உட்கார வையுங்கள். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கட்டட நிதிக்கு யார் என்ன கொடுத்தாலும் ரசீது, அந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர் வீட்டிலிருந்து நிதி வாங்கவே கூடாது. 'இதர செலவு' என்று எழுதினால் எதற்கு, யாருக்கு என்று கீழே எழுதுங்கள், எழுத முடியாத செலவைச் செய்யாதீர்கள்.

இதைச் செய்துவிட்டு அப்புறம் வெளியே வந்தால் சபைகளால் பெரிய காரியம் நடக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நம்மிடம் ஆள் இருக்கிறது. 1840களில் பாசல் மிஷன்காரர்கள் கேத்தியில் வந்து தங்கி ஊழியத்தையும் பள்ளிக்கூடத்தையும் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் சபை என்றால் எழுத்தறிவு என்றுதான் பெயர். இன்றைக்கும் ஒவ்வொரு சபையிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால் ஊழியர், வருவாய்த் துறையில் இருந்தவர் என்று மனு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் ஆலய வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்பதே தெரியாமல் பலர் புரோக்கரிடம் போகிறார்கள். என் விண்ணப்பம் எந்த மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று எழுத்தில் ஒரு கேள்வி போனாலே பல கோப்புகள் தானாக நகரும். பணம் கேட்டவர் மீது புகார் கொடுக்கப் போகிற ஒருவரோடு சபையிலிருந்து நாலு பேர் கூடப் போனால், அதைவிட அவருக்குத் தைரியம் எது? கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாக நடக்கின்றன, அங்கேயும் இதைச் செய்யலாம். வருகிறவர் எந்த மதம், எந்த ஹட்டி (மலைக் கிராமம்) என்று கேட்க வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும்.

எங்கள் குருசேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின், ஆண்டுக் கூட்டம் வரப்போகிறது. பள்ளி நியமனத்துக்கும் 'இதர செலவு' வரிக்கும் விளக்கம் கேட்டு, பெண்கள் சிலர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவை எங்கள் போதகரிடம் கூட்டத்துக்கு முன்பே கொடுக்கப்போகிறோம். வாசித்துப் பதிவு செய்யும்படி கேட்போம். குன்னூர், ஊட்டி, கூடலூர், கொடைக்கானல் என்று எங்கே இருந்தாலும் இதைப் படிக்கிற சபை மக்கள் உங்கள் ஊர்க் கூட்டத்திலும் இதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்காமல் வெளியிட்டால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி.