சிடி சுழல்கிறது, சத்தம் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பாட்டு சிடி ஓடியும் சத்தம் வரவில்லை என்று கேட்ட வாசகரை, சவுண்டு கார்டை மாற்றச் சொல்லியிருந்தது உங்கள் கணினிப் பகுதி. எம்பி3 நன்றாகக் கேட்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு கார்டு என்ன பாவம் செய்தது?

ஆடியோ சிடிக்கு இரண்டு வழி உண்டு. அனலாக் வழியில், டிரைவே ஒலியாக மாற்றி, நாலு பின் உள்ள மெல்லிய ஒயரில் கார்டின் 'சிடி இன்' முனைக்கு அனுப்பும். ஓரத்துப் பின்கள் இடமும் வலமும். நடுவில் இருப்பவை கிரவுண்டு. அசெம்பிள் செய்யும்போது இந்த ஒயரைப் பலர் மாட்டுவதே இல்லை. மாட்டியிருந்தாலும் வால்யூம் கன்ட்ரோலில் 'சிடி ஆடியோ' மியூட்டில் இருந்தால் அதே கதைதான்: நிமிடம் ஓடும், பாட்டு வராது. டிரைவின் முகப்பில் ஹெட்போன் துளை இருந்தால் செருகிப் பார்க்கலாம். அங்கே கேட்டால் டிரைவில் கோளாறு இல்லை.

டிஜிட்டல் வழிக்கு அந்த ஒயரே வேண்டாம்; பாட்டு டேட்டா கேபிளிலேயே வரும். டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) சிடி டிரைவை இரண்டு முறை கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் டேபில் 'எனேபிள் டிஜிட்டல் சிடி ஆடியோ' என்பதை டிக் செய்ய வேண்டும். மீடியா பிளேயரிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டிவைசஸ் போய், அந்த டிரைவின் பிளேபேக்கை 'டிஜிட்டல்' ஆக்க வேண்டும். பிளேயரின் ஈக்வலைசர் வேலை செய்வதும் இந்த வழியில்தான். பழைய ஐடிஇ இணைப்புக்குப் பின் வந்த சாட்டா இணைப்பு டிரைவ்களில் பெரும்பாலும் அனலாக் முனையே கிடையாது.

டிஜிட்டலில் பாட்டு விட்டுவிட்டு வந்தால் சிடியைத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். நொடிக்கு 1,76,400 பைட்தான் தேவை. பழைய டிரைவுக்கும் அது பெரிய வேகமில்லை. ஆனால் படிப்பதில் பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏவிலிருந்து (டேட்டா நேராக மெமரிக்குப் போகும் வேகமான முறை) பிஐஓவுக்கு (பிராசசரே ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் மெதுவான முறை) இறங்கிவிடும், பிராசசர் திணறும். டிவைஸ் மேனேஜரில், சிடி டிரைவ் வழக்கமாக இணைந்திருக்கும் செகண்டரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' பிஐஓ என்று காட்டினால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கீறல் விழுந்த சிடி வேறு விஷயம். டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் (தகவல் பதியும் சிறு துண்டு) 2,048 பைட் போக, பிழை திருத்தவும் இடம் ஒதுக்கியிருக்கும். ஆடியோவில் 2,352 பைட்டும் பாட்டுக்கே போய்விடுகிறது. ஃபைல் காப்பி செய்வதில் பிசகாத டிரைவ்கூடப் பாட்டில் 'டிக் டிக்' என்பது இதனால்தான். பிளேபேக்கில் 'எரர் கரெக்‌ஷன்' டிக் செய்தால் ஓரளவு குறையும். ஆழமான கீறலுக்கு அதுவும் உதவாது.

இப்படிக்கு,
ஒரு கணினி மெக்கானிக்,
மதுரை