பதினொரு நாள் பறந்த கோடை

ஷெஃபீல்டு
9 செப்டம்பர் 2012

அன்புள்ள நண்பனுக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களும் என் மேசையில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் எழுதாமல் ஆவணி வரை கடத்திவிட்டேன். வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஜூலையில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. அதைச் சொல்லத் துணிவும் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு எங்கள் இருவரின் வாழ்த்தையும் சொல். வாரம் ஒருமுறை அம்மாவைப் போய்ப் பார்த்து வருகிறாய் என்று அறிந்தேன், மிக்க நன்றி. இந்தக் கடிதத்தை மட்டும் அம்மாவிடம் படித்துக் காட்டாதே. ஐந்தருவிப் பாறையில் நீ செய்ததை நானும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பதை நினைவில் வை.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏப்ரல் 5ஆம் தேதி, வறட்சி என்று சொல்லி, இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் தோட்டங்களுக்குக் குழாயால் நீர் பாய்ச்சத் தடை விதித்தார்கள். அந்த ஏப்ரலே, 1910 முதல் இருக்கும் கணக்கில் மிக அதிக மழை பெய்த ஏப்ரலாக முடிந்தது. ஜூன் மாதமும் அப்படியே. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 1912க்குப் பிறகு இந்த நாடு இவ்வளவு நனைந்த கோடையைக் கண்டதில்லை. வானத்தில் மிக உயரத்தில் வேகமாக ஓடுவது ஜெட் காற்றோட்டம்; வழக்கமாகக் கோடையில் எங்களுக்கு வடக்கே ஒதுங்கி ஓடும் அது இந்த ஆண்டு தெற்கே இறங்கிவிட்டது. அதனோடு சேர்ந்து வரும் தாழ்வழுத்தங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எங்கள் தலைக்கு மேலேயே கடந்து போயின. கால்டர் பள்ளத்தாக்கில் ஹெப்டன் பிரிட்ஜ் ஊருக்குள் ஜூன் 22 அன்று வெள்ளம் புகுந்தது. கடைக்காரர்கள் சேற்றை வாரி முடிப்பதற்குள் ஜூலை 9 அன்று மறுபடியும் புகுந்தது. அவர்கள் பட்ட துன்பத்துக்கு முன்னால் என் குறையைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சென்ற ஆண்டு இதே ஐந்து மாதங்களில் நானும் உன் தங்கையும் பாராகிளைடரில் 34 நாள் பறந்திருந்தோம். இந்த ஆண்டு 11 நாள்தான்.

மழையில் ஏன் பறக்கக்கூடாது, நனைந்தால் என்ன என்று நீ முன்பொரு முறை கேட்டாய். நனைவது எங்களுக்குப் பொருட்டில்லை. எஞ்சின் இல்லாத பாராகிளைடருக்கு அந்த மெல்லிய நைலான் சிறகுதான் எல்லாம். அதன் மேல்துணியில் நீர்த்துளிகள் நின்றுவிட்டால், துணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகவேண்டிய காற்று ஒட்டாமல் பிரிந்துவிடுகிறது. அந்த நிலையில், வேகத்தைக் குறைக்கக் கையால் கீழே இழுக்கும் பிரேக்கைச் சற்று அதிகமாக இழுத்தால் போதும், சிறகு முன்னோக்கிப் பறப்பதை விட்டுவிட்டுச் சாதாரண பாராசூட்டைப் போல நேர்கீழாக இறங்கத் தொடங்கிவிடும். தலைக்கு மேலே அது விரிந்தபடியே இருப்பதால் பறக்கிறவனுக்கு அந்த மாற்றம் உடனே தெரியாமலும் போகலாம். இதையெல்லாம் பாடமாகப் படித்தவன் நான். படித்தும் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன், மழை நாட்களை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து வானத்தை வைதுகொண்டிருக்க உன் தங்கை விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். மான்சல் பள்ளத்தாக்கில் 1968இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதையை இப்போது சைக்கிள் பாதையாக்கி, சென்ற ஆண்டு மே மாதம் அதன் சுரங்கங்களையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர். மழை கொட்டும்போது சுரங்கத்துக்குள் புகுந்து, மறுமுனையில் மழை குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, குறையவில்லை என்றால் திரும்பி வருவோம். ஹாதர்சேஜ் கிராமத்தில் 1936இல் கட்டிய திறந்தவெளி நீச்சல் குளம் ஒன்று உண்டு. தண்ணீரைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். முகத்தில் குளிர்ந்த மழையும் கழுத்துக்குக் கீழே இளஞ்சூடான நீருமாக, எதிரே மலையை மேகம் மூடுவதைப் பார்த்துக்கொண்டே நீந்தினோம். பழைய அருவிக்கு அதிகாலையில் ஓடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. உன் தங்கையும் அதையேதான் சொன்னாள்.

ஆனால் அவள் மனம் முழுவதும் இந்தக் கோடையில் உழவாரக் குருவிகள் மேல்தான் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து எங்கள் தெருவின் பழைய கூரைகளுக்கு அடியில் குஞ்சு பொரித்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்பிப் போய்விடும் பறவை அது. காற்றில் பறக்கும் பூச்சிகளையும் மிதக்கும் சிறு சிலந்திகளையும் தவிர வேறு எதையும் தின்னாது. மழையில் பூச்சி எழும்பாது. அதனால் பெற்றவை மழையைச் சுற்றிக்கொண்டு நெடுந்தொலைவு போய் இரை தேடுகின்றன; அவை திரும்பும் வரை குஞ்சுகள் உடல் சூட்டைத் தாமே குறைத்துக்கொண்டு, உறங்குவதைப் போல அசைவற்றுக் கிடந்து, பசியைத் தாங்குகின்றன. அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த நாள் எத்தனை மணிக்குத் தெருவில் குருவி இருந்தது, எப்போது மறைந்தது, எத்தனை மணிக்கு மழை வந்தது என்று எழுதி வைத்தாள். ஜூன் முடிவதற்குள், குருவிகள் மொத்தமாகக் காணாமற்போனால் சிறிது நேரத்தில் பெருமழை வரும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். வானிலை அறிக்கையைவிட அவள் நோட்டை நான் அதிகம் நம்பினேன். அன்று மட்டும் நம்பவில்லை.

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் மழைமுகப்பு கடந்து போய், காற்று வடமேற்குக்குத் திரும்பியிருந்தது. அந்தக் காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் ரஷப் எட்ஜ் முகட்டுக்குப் போனோம். மாம் டார் மலைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். கீழே ஈடேல் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கின்டர் மேட்டுநிலம். காற்று மணிக்கு 14 மைல், மேகங்களுக்கு இடையே வெயில். ஐந்து வாரம் தரையில் கிடந்தவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவள் சிறகை விரித்தவள், சிறிது நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். “காலையிலிருந்து தெருவில் ஒரு குருவிகூட இல்லை. எனக்கு இன்று வேண்டாம்” என்றாள். என்னைத் தடுக்கவில்லை. நான் ஏறிவிட்டேன்.

முதல் இருபது நிமிடம் எத்தனை இன்பமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். கீழே ரயில் ஒன்று பொம்மையைப் போல ஈடேலுக்குள் வந்து நின்றது. பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேலே தூக்கத் தொடங்கியது; ஏறுமுகத்தைச் சொல்லும் கருவி இடைவிடாமல் கூவியது. சிறகைத் தூக்கும் வெப்பக்காற்று இடத்துக்கு இடம் மாறும். இப்படி எங்கும் ஒரே சீராகத் தூக்கினால் பெரிய மேகம் ஒன்று அருகில் வளர்கிறது என்று பொருள். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சிதான் இருந்தது, அறிவு இல்லை. அப்போது ரேடியோவில் அவள் குரல் வந்தது: “கின்டரைப் பாருங்கள்.” பார்த்தேன். கின்டர் இருந்த இடத்தில் மலையே இல்லை. சாம்பல் நிறத் திரை ஒன்று பள்ளத்தாக்கைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

சிறகின் இரு நுனிகளையும் மடித்து இறங்கப் பார்த்தேன். காற்று வலுத்துவிட்டதால் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒருமுறை பின்னோக்கியும் நகர்ந்தேன். முகட்டின் பின்புறம் காற்று உருண்டு சுழலும் இடம். அதற்குள் தள்ளப்பட்டால் சிறகு மடங்கிவிடும். முதல் துளி கையில் விழுந்தபோது பாடம் நினைவுக்கு வந்தது. மடித்த நுனிகளை விடுவித்து, கைகளை மேலே உயர்த்தி, வேகத்தைக் கூட்டும் ஸ்பீடு பாரைக் காலால் முழுவதும் மிதித்து, பிரேக்கைத் தொடாமல் பள்ளத்தாக்குப் பக்கம் முகத்தை வைத்துக் காத்திருந்தேன். “கையைக் கீழே கொண்டு வராதீர்கள்” என்று அவள் அமைதியாக, ஒரே குரலில், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. ஈடேல் பக்கத்து ஆட்டுக் கொட்டிலுக்கு மேலே ஒரு கல்சுவரைத் தாண்டி விழுந்தேன். இடது கணுக்கால் பிசகியது. சிறகை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எழுந்து நின்றால் காற்று இழுத்துச் சென்றிருக்கும்.

அந்தக் கொட்டும் மழையில் இரண்டு பைகளையும் சுமந்து, சரிவில் முக்கால் மணி நேரம் நடந்து, அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மூடியைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. குளிரால் என்று நினைத்தேன். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அது நிற்கவில்லை. திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் அவளுக்குக் கொடுத்த மிகப் பெரிய துன்பம் அந்த முக்கால் மணி நேரம். உன் வீட்டு முற்றத்தில் அவளை எனக்குக் கொடுத்தபோது நீ சொன்ன சொல் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை.

நான்கு நாள் சிறகு மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கியது. வெயிலில் போட்டால் துணி கெடும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டையும் பிரித்துக் கூடத்தில் காய வைத்தோம். அது முழுவதும் காய்ந்து, இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு மறுபடியும் மடித்த இரவில்தான் அவள் பேசினாள். பறப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்; சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவள் கேட்டது வேறு. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் இருவருமே சிறகை விரிக்கக்கூடாது, காரணமும் கேட்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு ஆகஸ்டில் மூன்று நாள் பறந்தோம். வேறு இரண்டு நாள் அவள் வேண்டாம் என்றாள், ஒரு நாள் நான் வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்ற அந்த நாளில் மாலை வரை ஒரு துளி மழைகூட வரவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை; முகட்டில் அவுரிநெல்லி பழுத்திருந்தது, இருவரும் கை ஊதாவாகும்வரை பறித்தோம்.

நீ கோபப்படுவாய். கோபத்தை எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்கு வருகிறோம். அப்போது நேரிலும் திட்டலாம்.

அவள் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். உன் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலையில் சாரல் இறங்குவது தெரியும் அல்லவா? அந்தத் திரை தெருவுக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்பு காற்று ஓய்கிறதா, வலுக்கிறதா என்றும், அந்த நேரத்தில் பறவைகள் எந்தப் பக்கம் போகின்றன என்றும் பார்த்து எழுதவேண்டுமாம். நேரத்தையும் குறித்து அனுப்பு. நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்