சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகளுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு இருப்பது உறுதியான பிறகு, அவளுடைய படிப்பும் அன்றாடப் பழக்கங்களும் ஓர் ஒழுங்குக்கு வரக் கைகொடுத்தவர்கள் பலர். நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் செய்தது இன்னதென்று இதே நிலையில் உள்ள பிற பெற்றோரும் அறிய வேண்டும். அதனால்தான் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன். சிலர் கேட்டுக்கொண்டபடி எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. வாசிக்கும்போது அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதலில், குழந்தைகள் மனநல மருத்துவருக்கு. ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பிள்ளை எவர் கண்ணிலும் படும். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை படுவதில்லை. அவளுக்குக் கிடைப்பதெல்லாம் 'கெட்டிக்காரிதான், ஆனால் சோம்பேறி' என்ற பட்டம். அந்த மருத்துவர் எடுத்த எடுப்பில் முடிவு சொல்லிவிடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, குழந்தைகளிடம் கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் குறைந்தது ஆறு, 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பழைய மதிப்பெண் அட்டைகளையும் ஆசிரியர்களின் குறிப்புகளையும் வாங்கிப் படித்தார். பார்வை, செவித்திறன், தூக்கம் ஆகியவற்றில் குறையில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டார். மருந்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அது குழந்தைக்குக் குழந்தை மாறும். மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

அடுத்து, எங்களுக்கு வழிகாட்டிய உளவியலாளருக்கு. இந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமல் இல்லை, தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் என்பது ரஸ்ஸல் பார்க்லி என்னும் அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லும் புத்திமதியால் திங்கட்கிழமை காலையில் பயனில்லை. உதவி, வேலை நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே இருக்க வேண்டும். இதை விளக்கியதோடு நின்றுவிடாமல் எங்கள் வீட்டுக்கே வந்து, எந்தெந்த இடத்தில் காரியம் தட்டுகிறது என்று அவர் பார்த்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் முதலில் பார்க்கக் கேட்டது புத்தகப் பையைத்தான். கசங்கிய சுற்றறிக்கைகள், மூடியில்லாத பேனாக்கள், எப்போதோ பாதி தின்ற பிஸ்கட் ஆகியவற்றுக்கு அடியில், முழுதாகச் செய்து முடித்தும் ஆசிரியரிடம் கொடுக்கப்படாத வீட்டுப்பாடத் தாள்கள் கிடந்தன. செய்யவில்லை என்று மதிப்பெண் குறைக்கப்பட்ட அதே தாள்கள்! அவற்றைப் பார்த்தும் அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இரண்டு உறைகள் உள்ள ஒரு கோப்பை எடுத்து, இடப்பக்கம் 'வீட்டுக்கு வந்தவை', வலப்பக்கம் 'பள்ளிக்குப் போக வேண்டியவை' என்று அவள் கையாலேயே எழுத வைத்தார். 'போய்க் கிளம்பு' என்று நாம் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குள் ஏழெட்டு வேலைகள் ஒளிந்திருப்பதைக் காட்டி, அவற்றை வரிசையாக எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னவரும் அவரே. மூளையின் முன்பகுதி முதிர்வது இக்குழந்தைகளிடம் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் பிந்துகிறது என்று அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் கண்டறிந்ததை அவர் எடுத்துச் சொன்னபோது, வயதைக் காட்டி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் பலவும் நின்றுபோயின.

வகுப்பாசிரியருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். சன்னலோரத்திலிருந்து முதல் வரிசைக்கு அவளை மாற்றியபோது அதற்கு அவர் காரணம் எதுவும் அறிவிக்கவில்லை. வீட்டுப்பாடத்தைக் கடைசி மணி அடிக்கும் பரபரப்பில் வாயால் சொல்லாமல், அதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கத்தை வகுப்பு முழுவதற்குமே கொண்டுவந்தார். இருபது கணக்குகள் உள்ள பக்கத்தில் ஒற்றைப்படை எண்களை மட்டும் போட்டால் போதும் என்றார். கணக்கு தெரியுமா என்று பார்க்க அதுவே போதுமே! நாள்தோறும் ஒரு சிறு அட்டையில் 'தாளை ஒப்படைத்தாள்', 'தொடங்கச் சொன்னதும் தொடங்கினாள்', 'நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள்' என்ற மூன்றுக்கும் குறியிட்டு அனுப்புவார். அன்று மாலையே வீட்டில் அதற்கு ஏற்ற சிறு பரிசு உண்டு. நீண்ட நாள் காத்திருந்து பெறும் பரிசு இக்குழந்தைகளை அவ்வளவாக இழுப்பதில்லை என்பதால், 'முழு ஆண்டுத் தேர்வில் முதலிடம் வந்தால் சைக்கிள்' என்பதைவிட இந்த அட்டை பல மடங்கு வேலை செய்தது. 'ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகையா' என்று சிலர் முணுமுணுத்தது என் காதுக்கும் வந்தது. ஆசிரியர் அதற்கு வாதம் எதுவும் செய்யாமல், கேட்ட பிள்ளைகளுக்கும் அதே அட்டையைக் கொடுத்தார் என்று அறிந்தேன்.

மாலைகளில் வந்து மகளோடு உட்கார்ந்த கல்லூரி மாணவிக்குத் தனியாக ஒரு நன்றி. பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக அவர் வரவில்லை. அதே மேசையில் தம் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் வேலையில் மூழ்கியிருப்பதே இவளையும் நாற்காலியில் இருத்தியது. மீதி நேரம் சிவப்பு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும் டைமர் ஒன்றை இருவருக்கும் நடுவில் வைத்து, 15 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் நடை என்று பழக்கினார். ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன் எவ்வளவு நேரமாகும் என்று இவளை ஊகிக்கச் சொல்லி, முடிந்தபின் ஆன நேரத்தைப் பக்கத்திலேயே குறிக்க வைத்தார். பத்து நிமிடம் என்று எழுதிய நிலப்படம் நாற்பதில் முடிந்ததைப் பார்த்து இருவரும் சிரித்தார்களே தவிர, அதில் குற்றம் காணவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டு, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதைச் சொல்லிப் பார்ப்பதும், சில நாள் கழித்து மீண்டும் சொல்லிப் பார்ப்பதும் அவரிடமிருந்து வந்த பழக்கங்களே.

தாத்தா, பாட்டிக்கும் நன்றி. 'நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை' என்ற கேள்வியை அவர்கள் அடியோடு விட்டுவிட்டார்கள். நாளுக்கு நாள் ஏறி இறங்குவதே இந்த நிலையின் இயல்பு என்பதை எங்களுக்கு முன்பே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பையை இரவே அவளாக அடுக்கி வைக்கிறாள். கண்ணாடிப் பட்டியலில் பாதி வரிகளை அவளே அடித்துவிட்டாள். ஆனால் வாரக்கணக்கில் செய்ய வேண்டிய செயல்திட்டம் என்றால், அதை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுக்க இன்னும் ஒரு பெரியவர் வேண்டும். அட்டையை நிறுத்திப் பார்த்த வாரத்தில் தாள்கள் மறுபடியும் பைக்குள் தங்கின. ஆகவே அட்டை தொடர்கிறது. இந்த ஆண்டு முடிவதை ஒட்டி, எது பயன்பட்டது, எது படவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதி அடுத்த வகுப்பின் ஆசிரியரிடம் தாமே கொடுத்துப் பேசியிருக்கிறார் எங்கள் வகுப்பாசிரியர். யாரும் கேட்காமல் அவர் செய்த இந்த உதவிக்கும் சேர்த்து, உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்படிக்கு,
மாணவி ஒருவரின் தாய்