பொதுப்பணம் வைப்புநிதியில் தூங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துச் சிறு சேவைச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் 'வங்கியில் இருப்பு இவ்வளவு' என்றதும் கைதட்டல் எழுகிறது. அதில் உறுப்பினர் சந்தா எவ்வளவு, கண் சிகிச்சை முகாமுக்கென்று கடைக்கடையாக ரசீது போட்டு வாங்கியது எவ்வளவு என்று கேட்டால், பொருளாளர் தலைவர் முகத்தைப் பார்க்கிறார்.

லயன்ஸ் சங்க விதி இதில் தெளிவு. பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே. வாடகை, விருந்தெல்லாம் உறுப்பினர் பணத்தில். மற்றவர்களும் இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

கையிருப்பே கூடாது என்று சொல்லவில்லை. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீர் உள்ள தருமபுரி மாவட்டத்தில், பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கித் தந்து படம் எடுத்துக்கொள்வது எளிது. அதன் ஃபில்டரை மாற்றத்தான் சேமிப்பு வேண்டும். வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளைகளே ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். அதற்குக் குறைந்தால், எதற்காக ஒதுக்குகிறோம் என்று எழுதிக் கொடுத்து 5 ஆண்டு வரை வைத்திருக்கலாம்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கங்கள் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்புகின்றன. அதன் நகல் ஒன்றை ஊர் நூலக வாசலிலும் ஒட்டலாமே?

– ஒரு சங்க உறுப்பினர்,
பாலக்கோடு