கொட்டாப்புளி

பாம்பன்
கார்த்திகை 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போன் என்றால் இரண்டு நிமிடத்தில் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அவனோடு பேசி முடித்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. இதில் அளவுகள் வேறு இருக்கின்றன. அளவைத் தாளில் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

கனடாவின் ஹாலிபாக்ஸிலிருந்து நீ கொடுத்தனுப்பிய மாதிரிப் படகு போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. வார்னிஷ் இரண்டாவது கை பூசிக் காய வைத்திருக்கிறேன். வாடை மழையில் காய நாள் பிடிக்கிறது.

பெட்டியைப் பிரித்தபோது எனக்கு மனம் ஒட்டவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நீ அனுப்பியது தெரியும். ஆனால் 40 வருடம் படகு கட்டும் ஓடாவி வேலை பார்த்தவன் முன்னால், பலகையை வெட்டி நம்பர் போட்டு ஒருவர் வைத்துவிட்டால், செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். மரமும் புதிது. வெளிர் நிறம், வெளிமரம், நடுவைரம் என்ற பேதம் கண்ணுக்குத் தெரியவில்லை, முகர்ந்தால் வாசனையும் இல்லை. லேசரில் வெட்டிய ஓரமெல்லாம் கருகி இருந்தது. அந்தக் கரியைத் தேய்த்து எடுக்காவிட்டால் பசை பிடிக்காது என்று பிறகு தெரிந்தது.

முதலில் என்னை நிறுத்தியது அடிப்பலகை. தட்டை! அடியில் நீளமாக ஓடுகிற ஏராக்கட்டை இல்லை. ஏரா வைத்து, மஞ்சள் குங்குமம் தொட்டு, சூடம் காட்டித்தான் நான் எந்த வேலையையும் தொடங்கியிருக்கிறேன். ஏரா இல்லாமல் ஒரு படகு எப்படிக் கடலில் நிற்கும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நீ சொன்னதும்தான் விளங்கியது. டோரி என்கிற இந்த வகை, கரையிலிருந்து தனியாகப் போகிற படகு இல்லை. பெரிய பாய்க்கப்பல் சுமந்துகொண்டு போய், நடுக்கடலில் இறக்கிவிடுகிற படகு. உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, அம்மா சட்டி அடுக்குவது போலக் கப்பல் தளத்தில் அடுக்கிவிடலாம். அதற்குத்தான் அடி தட்டை, அதற்குத்தான் பக்கங்கள் அப்படி விரிந்திருக்கின்றன. காலியாக இருக்கும்போது ஆடும், மீன் ஏற ஏற ஊன்றி நிற்கும். ஏற்றிய பாரமே ஏராவின் வேலையைச் செய்கிறது. இதை யோசித்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவன் ஓடாவிதான்.

அந்த ஹோவர்ட் பிளாக்பர்ன் கதையையும் நீதான் சொன்னாய். 1883 ஜனவரியில், கப்பலை விட்டுப் பிரிந்துபோன டோரியில் இரண்டு பேர். பனியில் கையுறை போய்விட, விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே உறைந்துபோகட்டும் என்று விட்டுவிட்டு, அந்தக் கையாலேயே ஐந்து நாள் வலித்து நியூபவுண்ட்லாந்து கரை சேர்ந்திருக்கிறார். கூட இருந்தவர் வழியிலேயே இறந்துவிட்டார். இவருக்கு விரல்கள் எல்லாம் போய்விட்டன. அப்படியும் பின்னால் தனி ஆளாகப் பாய்ப்படகில் அட்லாண்டிக் கடலை இரண்டு தடவை கடந்திருக்கிறார். துடுப்பு வேலைக்கு வந்தபோது எனக்கு அவர் நினைவுதான். துடுப்புப் பிடியை மட்டும் மூன்று நாள் இழைத்தேன். உருட்டிப் பார்த்தால் விரலில் உறுத்தவே கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நீயும் ஒரு நாள் இப்படி ஒன்று செய்யப்போகிறாய், அதற்காகச் சொல்கிறேன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் படத்தை மட்டும் பார்த்துப் போனேன். படகின் விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்த ஒரு அச்சுப் பலகை செய்யச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எதற்கு அது, கண் இருக்கிறதே என்று அதைத் தாண்டிவிட்டேன். வங்கை ஒட்டினேன், இரண்டு பக்கமும் முதல் பலகை ஏற்றினேன், இரண்டாவதும் ஏற்றினேன். சாயங்காலம் வாசலில் வைத்து முன்பக்கமான அணியத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அணியக்கட்டை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இருக்கும். ஒரு நூல்தானே என்று விட முடியவில்லை, ஏனென்றால் இந்தப் படகில் அரை அங்குலம் என்பது ஒரு அடி. ஒரு நூல் சாய்வு நிஜப் படகில் 3 அங்குலம். 3 அங்குலம் கோணிய அணியத்தோடு ஒருத்தரைக் கடலுக்கு அனுப்புவேனா?

வெந்நீரில் துணியை நனைத்து மூட்டு மூட்டாகச் சுற்றி வைத்தேன். பெவிகால் வெந்நீருக்கு இளகும். நாலு பலகையும் ஒடியாமல் வந்துவிட்டன. அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனை உட்கார வைத்துப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் சொன்ன அச்சுப் பலகையைச் செய்து, வங்கை மூலைமட்டம் பிடித்து நிறுத்தினேன். பெரிய படகில் கண் பிடிக்கிற கோணலைச் சின்னதில் கண் விட்டுவிடுகிறது. அங்கே வரைபடம்தான் கண்.

பலகை வளைத்தது உனக்குப் பிடிக்கும். பலகை கால் நூல் கனம்தான், ஆனாலும் அணியம் பக்கம் நெருங்கும்போது முறுக்கிக்கொண்டு வர மறுத்தது. நாங்கள் நெருப்பில் வாட்டி வளைப்பதை நீ பார்த்திருக்கிறாய். இதை வாட்டினால் அப்பளம்தான். அம்மா இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றி, "கொழுக்கட்டை வேகுற நேரம் வச்சா போதும்" என்றாள். அதே கணக்குத்தான். ஆவியில் வைத்து எடுத்ததும் வாழைநார் போல வளைந்தது. துணிக் கிளிப் 22 மாட்டி ஒரு ராத்திரி விட்டேன்.

இந்தப் படகில் பலகைகள் ஓரத்தோடு ஓரம் முட்டுவதில்லை. மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் படிகிறது, படிகிற இடத்தில் இரண்டையும் சாய்த்து இழைத்துவிட வேண்டும். நம் வள்ளத்தில் ஓரமும் ஓரமும் முட்டும், இடைவெளியில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கிக் கலப்பத்து செய்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவோம். பக்கத்துக்கு மூன்று பலகையாக ஆறு பலகையும் ஏற்றி முடித்த அன்று, கலப்பத்து அடிக்காமல் ஒரு படகு முடிகிறதே என்று கை பரபரத்தது. அப்போது உன் ஞாபகம் வந்தது.

உனக்கு எட்டு வயதிலிருந்து கலப்பத்துக்குத் திரி நீதான் திரித்துத் தருவாய். தொடையில் வைத்து உருட்டி, ஒரே கனமாக வரும். என்னோடு வேலை பார்த்தவர்கள்கூட அந்தத் திரியைத்தான் கேட்டு வாங்குவார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், திரி அடிக்கிற என் மரச்சுத்தியலை, அந்தக் கொட்டாப்புளியை எடுத்து, "நான் அடிக்கவாப்பா?" என்று கேட்டாய். நான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். மறுநாளிலிருந்து கொட்டகைப் பக்கமே வரக் கூடாது என்றும் சொன்னேன்.

வாய்ச்சியும் உளியும் கிடக்கிற இடத்தில் காலில் பட்டுவிடுமே என்ற பயம் ஒன்று. இந்தத் தொழில் இனி நிற்காது, இதில் ஆசை வைத்தால் பிள்ளை படிப்பை விட்டுவிடும் என்ற பயம் இன்னொன்று. இரண்டாவது பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ ஆணாக இருந்திருந்தாலும் விரட்டியிருப்பேனா என்று இந்த மாதம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். விரட்டியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, தாயி. அது தப்பு. அன்று நீ அழாமல் போனதும் எனக்கு நினைவிருக்கிறது.

தொழில் விஷயத்தில் நான் நினைத்ததுதான் நடந்தது. சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க பைபர் படகு வந்துவிட்டது. பைபரை நான் குறை சொல்ல மாட்டேன். எடை குறைவு, வருடா வருடம் கலப்பத்துச் செலவு இல்லை, மீன் பிடிக்கிறவனுக்கு அது நல்லது. ஆனால் மர வள்ளத்தின் அளவு எங்கும் எழுதி இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் 1992இல் காட் மீன் பிடிப்பதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது என்றாய். மீன் போனாலும் டோரியின் வரைபடம் இருந்தது, அதனால்தான் அது பெட்டியில் ஏறிப் பாம்பன் வரைக்கும் வந்து சேர்ந்தது. நம் வள்ளத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒரு கயிறு இருக்கிறது.

டிரங்குப் பெட்டியில், உன் தாத்தா வள்ளத்தின் அளவுகளை முடிச்சுப் போட்டு வைத்த கயிறு இருப்பது உனக்குத் தெரியும். அது எப்படித் தப்பியது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை. அப்போது நாங்கள் தனுஷ்கோடியில் இருந்தோம். 1964 டிசம்பரில் உன் சின்ன அத்தை பிறந்து, அப்பத்தா மண்டபத்தில் தாய் வீட்டில் இருந்தார், நானும் கூட இருந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தா, அப்படியே மரமும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கயிற்றை மடியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். 22ஆம் தேதி ராத்திரி புயல். கொட்டகை, அதில் பாதி முடிந்து நின்ற வள்ளம், உளிப்பெட்டி, எல்லாம் கடலோடு போயிற்று.

அந்தக் கயிற்றை அளந்தேன். முதல் முடிச்சு வரை 12 முழம், அதாவது 18 அடி, அது ஏரா. அங்கிருந்து அடுத்த முடிச்சு 5 அடி 9 அங்குலம், அது நடு அகலம். டோரியின் கணக்கிலேயே போட்டால் ஏரா 9 அங்குலம், அகலம் 2 அங்குலம் 7 நூல். மற்ற முடிச்சுகளை இதோடு வைத்திருக்கும் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

கயிறு நீளத்தைச் சொல்லும், வளைவைச் சொல்லாது. வங்கு எந்த இடத்தில் எவ்வளவு விரிய வேண்டும் என்பது தாத்தாவின் கண்ணிலும் என் கண்ணிலும் இருந்தது. அதற்கு ஒரு வழி பார்த்தேன். தெற்குவாடியில் நான் 1991இல் செய்த வள்ளம் ஒன்று கரையேறிக் கிடக்கிறது. தை பிறந்ததும் விறகுக்கு உடைக்கப்போகிறோம் என்றார்கள். நானும் அம்மாவும் நாலு நாள் காலையில் போனோம். அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, வங்கு வங்காக உள்பக்கம் வைத்து வளைவை வெட்டி எடுத்தேன். இடது பக்கம் இற்றுவிட்டது. வலது பக்கம் கருவேல வங்கு இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறது. வலதை எடுத்துத் திருப்பிப் போட்டால் இடது வந்துவிடும் இல்லையா? கம்ப்யூட்டரில் அது ஒரு நொடி வேலை என்று நீ ஒரு தடவை கட்டட வரைபடத்தில் காட்டினாய்.

ஏழு வங்கில் ஐந்து முடிந்தது. கடைசி இரண்டும் பின்பக்கம், மணலுக்குள் இருக்கின்றன. மழை விட்டதும் தோண்டிப் பார்க்கிறேன்.

நான் கேட்பது இதுதான். இந்த அட்டைகளைப் போட்டோ எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பக்கத்து வீட்டுப் பையன் மூலம் உனக்கு அனுப்புகிறேன். நீ வரைந்து தா. உன் ஆபீஸ் வேலை முடிந்த நேரத்தில் செய்தால் போதும், அவசரம் இல்லை. வரைபடம் வந்தால் மதுரையில் லேசரில் வெட்டித் தருகிறார்களாம், விசாரித்துவிட்டேன். பாய்மரம், பருமல், சுக்கான் நான் கையால் இழைத்துக்கொள்கிறேன். பலகை ஏற்றுவதை மட்டும் நீ வரும் வரைக்கும் நிறுத்தி வைப்பேன். கலப்பத்தும் நிஜமாகவே அடிக்க வேண்டும், நூல் கனத்தில் திரி திரித்து. அதை ஒட்டுப் போட்டு மறைக்க எனக்குச் சம்மதமில்லை.

பேரனிடம் சொல், புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. பழைய பாலம் இரண்டு கையையும் தூக்குவது போலத் திறந்தது, புதியதில் நடுப்பகுதி முழுசாக லிப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. அவன் வரும்போது கப்பல் போகிற நாளாகப் பார்த்து அழைத்துப் போகிறேன். வைகாசியில் வந்தால் கச்சான் காற்று ஆரம்பித்துவிடும், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பக்கம் குளிக்கலாம். அம்மா கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள், விமானத்தில் விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

இன்னொன்று. அந்தக் கொட்டாப்புளியை எடுத்துப் பார்த்தேன். தலை நன்றாக இருக்கிறது, பிடி என் கைக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. பிடியைக் கழற்றிவிட்டுப் புது மரம் போடப்போகிறேன். உன் உள்ளங்கை அகலத்தை, கட்டைவிரலை விட்டுவிட்டு, நூல் கணக்கில் அளந்து எழுது.

அன்புடன்,
அப்பா