கழுவ முடியாத சொப்பர் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கடந்த மாதம் கிளிநொச்சியில், ஏ9 வீதிக் கடையொன்றில், உங்கள் நிறுவனத்தின் வெங்காயம், மிளகாய் வெட்டுகிற, சார்ஜ் செய்து பாவிக்கிற சின்னச் சொப்பரை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறவள் நான். சம்பலுக்கு வெங்காயம் வெட்டுகிறதுதான் பெரிய வேலை, கண் எரிச்சல் வேறு. உங்கள் சொப்பர் ஒரு பிடி வெங்காயத்தை அரை நிமிடத்தில் வெட்டித் தள்ளியது. "அம்மா இனி அழமாட்டா" என்று மகள் சிரித்தாள்.

சிக்கல் கழுவுகிறதில்தான். இரண்டாம் கிழமையே மூடியைத் திறந்தால் பழுதான தேங்காய்ப்பூ மணம். மூடியின் உள்ளே இருக்கிற இறப்பர் வளையத்தை ஈர்க்கால் நெம்பிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் செத்தல் மிளகாய் விதையும் தேங்காய்ப்பூவும் கறுத்துப் பிசினாகிக் கிடந்தன. அந்த வளையத்தைக் கழற்றலாம் என்று பெட்டியில் எங்கேயும் இல்லை. குறிப்புத்தாளில் ஆங்கிலமும் சீனமும் மட்டும். தமிழும் அரசகரும மொழியான நாட்டில் விற்கிற சாமான் இது!

சரி, வளையத்தையாவது ஈர்க்கு வைத்துக் கிண்டலாம். பாத்திரத்தின் அடியை என்ன செய்ய? அது இரட்டைத் தட்டு. அலகு செருகுகிற முளையைச் சுற்றி மயிரிழை இடைவெளி. கழுவுகிற தண்ணீர் அதால் உள்ளே இறங்குகிறது, வெளியே வர வழியில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் தண்ணீர் ஆடுவது தெரிகிறது. குலுக்கினேன், வெயிலில் கவிழ்த்தேன், அசையவில்லை. எங்களுடையது சவர்த்தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், தேசிக்காய்ப்புளி விட்டு ஊறவைத்து எடுப்போம். மூடிக்கிடக்கிற அடிக்குள் புளியை எப்படி விடுகிறது?

உங்கள் தொலைபேசியில் பேசிய தம்பி, "ஈரத்துணியால துடையுங்கோ அக்கா, காணும்" என்றார். பிளாஸ்டிக்குக்கு உள்ளே நிற்கிற தண்ணீரை வெளியிலிருந்து எந்தத் துணியால் துடைக்கிறது என்று அவரிடமே கேட்டேன். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார், கூப்பிடவில்லை.

இப்போது திரும்பவும் அம்மிதான். ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றிப் பொச்சால் தேய்த்தால் வேலை முடிந்தது. நான் கொடுக்கிற சம்பலை ஊர்ப்பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஊத்தைத் தண்ணீர் நிற்கிற பாத்திரத்தில் அதை அரைக்க எனக்கு மனம் வராது.

அடி கழற்றிக் கழுவக்கூடிய பாத்திரம் ஒன்று தாருங்கள், அல்லது காசைத் திருப்பித் தாருங்கள். அடுத்து வருகிற பெட்டிகளிலாவது தமிழில் ஒரு தாள் வையுங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சொப்பரை இத்துடன் அனுப்புகிறேன். அடிக்குள் இருக்கிற தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. உடைத்துப் பார்ப்பதானால் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உடையுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பாவனையாளர்