கணக்குப்பதிவியல் வழிகாட்டல் வகுப்பு: சனிக்கிழமை

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 11.30 வரை இணையவழியில் இருப்பாய்வில் (பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) வரும் பிழைகளைப் பார்க்கிறோம். வழிகாட்டும் மூத்த மாணவர்கள் கவனத்திற்கு:

1. பயிற்சித்தாளை வியாழன் இரவுக்குள் எக்செல் கோப்பாக அனுப்புங்கள். புகைப்படம் வேண்டாம், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் தடுமாறும்.
2. கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இணைத்தால் எது பற்று, எது வரவு என்று கேட்பவர் குழம்பிப்போவார்.
3. எதிர்மறைத் தொகைக்குச் சிவப்பு மட்டும் போதாது, கழித்தல் குறியும் இடுங்கள்.
4. பற்று, வரவு மொத்தங்களின் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (540க்குப் பதில் 450 எழுதினால் 90). இரட்டைப்படையா? அதில் பாதித் தொகையைத் தேடச் சொல்லுங்கள். அதைப் பற்றுக்குப் பதில் வரவிலோ, வரவுக்குப் பதில் பற்றிலோ பக்கம் மாறிப் பதிந்திருக்கலாம். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்!

வருகிறவர்கள் புதனுக்குள் 'சரி' என்று பதிலிடுங்கள். பெரிய எழுத்தோ திரையில் வசன வரியோ வேண்டுமென்றால் தனிச்செய்தியில் சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம்.